போ: அறையை விட்டுப் போகாத ஒருவன்

2006 டிசம்பர். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஹமில்டன் என்றொரு சின்ன ஊர். 16 வயதுப் பெடியன் ஒருவன் தன் படுக்கையறையில் கமராவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, கீபோர்டுக்கு முன்னால் இருந்து ஒரு பகிடிப் பாட்டுப் பாடுகிறான். ஒரே ஷொட். வெளிச்சமும் சுமார், சத்தமும் சுமார். வீட்டில் எல்லாரும் தன்னைத் தன்பாலீர்ப்பாளன் என்று நினைக்கிறார்கள் என்பதுதான் பாட்டின் விஷயம். வேறு ஊரில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு அந்தப் பாட்டைக் காட்ட வேண்டும். அதற்காக அதை யூடியூப்பில் போடுகிறான்.

அப்போது யூடியூப்புக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. கூகுள் அதை 1.65 பில்லியன் டொலருக்கு வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 'வைரல்' என்ற சொல்லைக் கேட்டால் எங்கட ஊரில் காய்ச்சல்தான் ஞாபகம் வந்த காலம் அது. அண்ணனுக்கென்று போட்ட வீடியோவை அண்ணனுக்குத் தெரியாத ஆட்களும் பார்த்தார்கள். வேறு வேறு தளங்களுக்கு அது தாவியது. அடுத்தடுத்த பாட்டுகளும் அதே அறையிலிருந்து வந்தன. பார்த்தவர்களின் எண்ணிக்கை இலட்சங்களாக, பிறகு கோடிகளாக ஏறியது.

பெடியனின் பெயர் போ பேர்ணம். தமிழில் அந்த முதல் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பெயரோ 'போ'. ஆளோ, எவ்வளவு தூரம் போனாலும் கடைசியில் ஓர் அறைக்குள்ளேயே வந்து நிற்கிற ஆள்.

இப்படி ஒருத்தன் எங்கட வகுப்புகளிலும் இருந்திருப்பான். சினிமாப் பாட்டு மெட்டுக்கு மாஸ்ரரின் சைக்கிளைப் பற்றி, கன்ரீன் வடையைப் பற்றி, பின் வாங்கில் இருந்து பாட்டுக் கட்டுகிறவன். பிக்மட்ச் நேரத்தில் அவன்தான் ராஜா. ஓ.எல். முடிய அந்தப் பாட்டுகளும் முடிந்துவிடும். போ பேர்ணமும் அந்த வகை ஆள்தான். அவனுடைய பின் வாங்கு யூடியூப்பாக இருந்தது என்பதால் பாட்டுகள் அழியவில்லை. அதுதான் அவனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். பிறகு வந்த கரைச்சலும் அதுதான்.

பகிடிப் பாட்டு ஏன் இணையத்தில் இவ்வளவு இலகுவாக ஓடுகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பகிடியை இரண்டாம் தரம் கேட்டால் பாதிச் சுவைதான். பாட்டு அப்படியில்லை, இரண்டாம் தரம் கேட்கும்போதுதான் அது மனதில் ஒட்டத் தொடங்கும். இரண்டையும் சேர்த்தால் பகிடிக்குத் திரும்பக் கேட்க வைக்கிற பலம் வந்துவிடுகிறது. அதோடு இயைபு என்ற சாமான் இருக்கிறது. ஒரு வரி 'வீடு' என்று முடிந்தால் காது அடுத்த வரியில் 'காடு', 'மாடு' என்று எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கும். அந்த இடத்தில் எதிர்பாராத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் சிரிப்பு தானாக வரும். சாதாரண கொமெடியன் இதற்கு மூன்று வசனம் கதைத்து ஆயத்தம் செய்ய வேண்டும். பாட்டுக்காரனுக்கு அந்த ஆயத்தத்தை மெட்டே செய்து கொடுத்துவிடும்.

போவின் தொடக்ககாலப் பாட்டுகளில் இது மூச்சு விடாமல் நடக்கும். ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம், ஒரே ஒலிக்கு இரண்டு சொல். பள்ளிக்கூடத்தில் காளமேகத்தின் சிலேடையைப் படித்துத் தலையைச் சொறிந்தவர்களுக்கு இந்த வேலை புதிதாக இருக்காது. கேட்டு, விளங்கி, சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். எனக்கு இப்போதும் பாதி விளங்குவதில்லை. வீடியோவை நிறுத்தி, சப்டைட்டிலைப் படித்து, ஒரு நிமிசம் கழித்துத் தனிய இருந்து சிரித்திருக்கிறேன்.

ஆனால் நான் போவை இந்த வரிசையில் பார்க்கவில்லை, கடைசியிலிருந்து முன்னுக்கு வந்தேன். 2021 மே மாதக் கடைசியில் இங்கே பயணத்தடை. கடை பூட்டு, ரியூசன் பூட்டு, ரோட்டில் நாய்கள் மட்டும்தான். ஜூன் 21 வரை அது இழுபட்டது. அந்த நாட்களில், மே 30ஆம் திகதி, நெட்ஃபிளிக்ஸில் 'இன்சைட்' வெளியானது. கனடாவில் இருக்கும் மச்சாள் ஒருத்தி, "இதைப் பார், ஒருத்தன் எங்களை மாதிரி ரூமுக்குள்ள இருந்து விசராகிறான்" என்று மெசேஜ் போட்டிருந்தாள். இரவு 12 மணிக்குப் பிறகு நைட் டேட்டாவில் போனில் பார்த்தேன். 87 நிமிடம். ஒரே ஆள், ஒரே அறை. எழுதியது, பாடியது, லைட் போட்டது, படம் பிடித்தது, வெட்டி ஒட்டியது எல்லாம் அவரே. பார்த்து முடித்தபோது இந்த மனுசன் யார் என்று தேட வேண்டியிருந்தது. அப்படித் தேடித்தான் 2006ஆம் ஆண்டுப் பெடியனிடம் போய்ச் சேர்ந்தேன்.

பின்னாலிருந்து பார்த்ததில் ஒரு நன்மை. ஒவ்வொரு இடத்திலும் அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரியும், அந்தப் பெடியனுக்குத் தெரியாது.

ஏறிய வேகத்தைச் சொன்னால் நம்ப ஏலாது. பள்ளிக்கூடம் முடிக்கும் வயதிலேயே கொமெடி சென்ட்ரல் சனலின் இசைத்தட்டு நிறுவனம் அவனை ஒப்பந்தம் செய்தது. 2008இல் முதல் சின்னத் தொகுப்பு, 2009இல் முதல் முழு அல்பம். 18 வயதில் அந்தச் சனலின் அரைமணிநேரத் தொடரில் தனி நிகழ்ச்சி. அந்தத் தொடரில் மேடையேறியவர்களில் மிக இளையவன் அவன்தான். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்க இடம் கிடைத்திருந்தது. போகவில்லை. 2010இல் எடின்பரோ விழாவுக்குப் போய் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசோடு திரும்பினான்.

முன்பெல்லாம் ஒரு கொமெடியன் உருவாகும் பாதை வேறு. சின்னச் சின்னக் கிளப்புகளில், குடித்துவிட்டுக் கத்துகிறவர்களுக்கு முன்னால், பத்து வருசம் தோற்றுத் தோற்றுத்தான் பழக வேண்டும். அந்தத் தோல்விகளை யாரும் படம் பிடித்து வைப்பதில்லை. போ அந்தப் படியைத் தாண்டிவிட்டான். கூட்டம் முதல் வந்துவிட்டது. மேடையைப் பிறகுதான் பழக வேண்டியிருந்தது. 16 வயதில் ஒருத்தன் செய்யும் பிழைகளும் கோடிக்கணக்கான பேருக்கு முன்னாலேயே நடந்தன.

பிழைகள் என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் காலப் பாட்டுகள் சிலதை இப்போது கேட்கும்போது முகம் சுளிக்கும். தன்பாலீர்ப்பாளர்களை வைத்து, கறுப்பினத்தவர்களை வைத்து, மாற்றுத்திறனாளிகளை வைத்துப் பகிடி. ஹெலன் கெல்லரை வைத்துக்கூட ஒரு காதல் பாட்டு இருக்கிறது. 2009இல் மிசூரியில் ஒரு கல்லூரிக்குப் பாடப் போனபோது அங்கிருந்த மாணவர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 'சின்னப் பெடியன், அதிர்ச்சி குடுக்கப் பார்க்கிறான்' என்று சொல்லிக் கடந்து போகலாம். ஆனால் அந்தப் பகிடிகள் சிலரை நோகடித்ததும் உண்மை. பிற்காலத்தில் அவர் தன் பழைய வேலைகளைப் பற்றிக் கதைக்கும்போது வெட்கப்படுவதை மறைப்பதில்லை. 'இன்சைட்'டில் இதற்கென்றே ஒரு பாட்டு இருக்கிறது. பிரபலங்கள் மன்னிப்புக் கேட்கும் முறையையே அதில் நக்கலடிக்கிறார். மன்னிப்பையும் ஒரு நடிப்பாகச் செய்துகாட்டுவதால், உண்மையில் கேட்கிறாரா பகிடி பண்ணுகிறாரா என்று நாங்கள் முழிக்க வேண்டியிருக்கிறது.

இந்த முழிப்புத்தான் அவருடைய மிச்சப் பயணம் முழுக்க இருக்கிறது. 20 வயதில், 2010இல் வெளிவந்த 'வேர்ட்ஸ் வேர்ட்ஸ் வேர்ட்ஸ்' நிகழ்ச்சியிலேயே, மேடையில் நிற்பவனுக்கு அவ்வளவு கவனம் ஏன் தேவைப்படுகிறது, அதற்குக் காசும் ஏன் கொடுக்கிறீர்கள் என்ற தொனியில் ஒரு பாட்டு இருக்கிறது. கூட்டம் சிரிக்கிறது. பாடுகிறவனின் முகத்தில் சிரிப்பில்லை.

2013இல் எம்டிவியில் ஒரு தொடர் எழுதி நடித்தார். பள்ளிக்கூடம் முடித்த ஒரு பெடியன், எந்தத் திறமையும் இல்லாமல், தானே காசு கொடுத்து ஒரு கமராக் குழுவைக் கூட்டிக்கொண்டு பிரபலமாகத் திரிகிற கதை. ஒரு பருவத்தோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது அதைப் பார்த்தால், கொஞ்சம் முந்தி வந்துவிட்டது என்று தோன்றும். இன்றைக்கு அந்தக் கதாபாத்திரத்துக்குக் கமராக் குழு தேவையில்லை, போன் காணும்.

அதே வருட டிசம்பரில் 'வொட்' என்ற நிகழ்ச்சியை நெட்ஃபிளிக்ஸிலும் யூடியூப்பிலும் ஒரே நாளில் விட்டார். யூடியூப்பில் இலவசமாக. வந்த வழியை அவர் மறக்கவில்லை. அதில் போப் பாட்டுகளைக் கிழிக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. எல்லாப் பெண்பிள்ளைகளும் தனக்குத்தான் பாடுகிறான் என்று நினைக்கும்படி, எந்த அடையாளமும் இல்லாத காதல் பாட்டுகளை எழுதுவது எப்படி என்று அக்குவேறு ஆணிவேறாகக் காட்டுவார். அதைக் கேட்ட பிறகு எனக்குப் பிடித்த நாலைந்து சினிமாப் பாட்டுகளை முன்னைய மாதிரிக் கேட்க முடியவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

2016இல் 'மேக் ஹெப்பி'. என்னைக் கேட்டால் இதுதான் அவருடைய மேடை வேலைகளில் உச்சம். கடைசிப் பாட்டில், கன்யே வெஸ்ட் மாதிரி குரலை ஓட்டோடியூன் செய்துகொண்டு, பிரிங்கிள்ஸ் பெட்டிக்குள் கை போகவில்லை என்று புலம்பத் தொடங்குவார். பிறகு, வாங்கிய சாப்பாட்டைச் சுற்றியிருந்த ரொட்டி கிழிந்துபோனதைப் பற்றிப் புலம்பல். இவ்வளவு பெரிய மேடை, இவ்வளவு வெளிச்சம், இவ்வளவு சின்னக் கவலை என்று எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு மெல்லப் பார்வையாளர்களின் பக்கம் திரும்பும். உங்களைச் சந்தோசப்படுத்தவும் வேண்டும், எனக்கு உண்மையாகவும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து முடியவில்லை. உங்களில் எனக்கு அன்பு, உங்களில் எனக்குப் பயம். இதுதான் சாரம்.

அதற்கு முன்னால், பாட்டில்லாமல் சும்மா கதைக்கும் ஓரிடம் இருக்கிறது. எங்கள் தலைமுறைக்கு நடிக்க ஆசை என்று சந்தை கண்டுபிடித்தது, அதனால் எல்லாரும் எல்லா நேரமும் நடிப்பதற்கு ஒரு சாமானைச் செய்து தந்தது, அதுதான் சமூக ஊடகம் என்கிறார். பார்வையாளர் இல்லாமல் வாழ முடிந்தால் அப்படியே வாழுங்கள் என்பது அவர் சொல்லும் புத்தி. பார்வையாளர்களாலேயே ஆள் ஆனவர் சொல்வதால் அதில் பாசாங்கும் இருக்கிறது, பாரமும் இருக்கிறது.

அந்த நிகழ்ச்சி மேடையில் முடிவதில்லை. கடைசியில் அவர் ஒரு சின்ன வெள்ளை அறைக்குள் தனிய இருந்து ஒரு பாட்டுப் பாடுவார். பிறகு கதவைத் திறந்து வெயிலுக்குள், தோட்டத்துக்குள் போவார். அங்கே காதலியும் ஒரு நாயும். அதோடு மேடையை விட்டார். மேடையில் நிற்கும்போதே பதற்றத் தாக்குதல் வருகிறது, நெஞ்சு அடைக்கிறது, அதனால் இனி ஏலாது என்பதைப் பிறகுதான் வெளியில் சொன்னார்.

ஐந்து வருசம் கழித்து 'இன்சைட்' அதே அறையில்தான் தொடங்குகிறது. அதே கதவு திறக்கிறது. இந்த முறை அவர் வெளியே போகவில்லை, உள்ளே வருகிறார். தலைமுடி வளர்ந்திருக்கிறது. முதல் தரம் பார்த்தபோது எனக்கு இது தெரியாது. 'மேக் ஹெப்பி'யைப் பார்த்துவிட்டு மீண்டும் 'இன்சைட்'டைப் போட்டபோது, அந்தக் கதவு திறந்த இடத்திலேயே வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இரண்டுக்கும் நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை. 2018இல் 'எய்த் கிரேட்' என்ற படத்தை எழுதி இயக்கினார். 13 வயதுப் பிள்ளை ஒருத்தி, பெயர் கெய்லா. பள்ளிக்கூடத்தில் வாய் திறக்க மாட்டாள். வீட்டுக்கு வந்ததும் தன்னம்பிக்கை பற்றி யூடியூப்பில் அறிவுரை வீடியோ போடுவாள். பார்ப்பதற்கு யாருமில்லை. வைரலான ஒருத்தர் தன் முதல் படத்தை வைரலாகாத ஒருத்தியைப் பற்றி எடுத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எழுதுவதற்காகச் சின்னப் பிள்ளைகளின் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தாராம். பெடியள் விளையாட்டுகளைப் பற்றிக் கதைக்கினம், பெட்டையள் தங்கட மனசைப் பற்றிக் கதைக்கினம், அதனால்தான் கதை ஒரு பெண்பிள்ளையுடையதாக வந்தது என்று நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். கெய்லாவுக்கும் போவுக்கும் ஒரே வருத்தம்தான். தன்னை எப்போதும் வெளியிலிருந்து, யாரோ பார்க்கிற மாதிரி, தானே பார்த்துக்கொண்டிருக்கிற வருத்தம். ஆயிரம் பேர் பார்த்தாலும் அது வரும், ஒருத்தரும் பார்க்காவிட்டாலும் வரும்.

'இன்சைட்'டில் இந்த வருத்தத்தை அவர் பகிடியாகவே காட்டும் இடம் ஒன்று உண்டு. ஒரு சின்னப் பாட்டுப் பாடுவார். அடுத்ததாக, யூடியூபர்கள் செய்கிற மாதிரி, அந்தப் பாட்டுக்கு ரியாக்சன் வீடியோ செய்வார். அந்த வீடியோ நிற்காது, அவருடைய ரியாக்சனே திரையில் ஓடத் தொடங்கும். அதற்கும் ரியாக்சன் கொடுக்க வேண்டி வரும். பிறகு அதற்கும். தன்னைப் பற்றித் தானே கதைத்ததைத் தானே கண்டித்து, கண்டித்ததையும் கண்டித்து, கடைசியில் ஆள் திணறிப் போவார். ஒரு ஸ்டோரி போட்டுவிட்டு, யார் யார் பார்த்தது என்று பார்த்து, போட்டது சரியா என்று யோசித்து, அழித்துவிட்டு, அழித்ததை யாரும் கவனித்திருப்பார்களோ என்று யோசித்த எவருக்கும் அந்த இரண்டு நிமிசம் விளங்கும்.

இன்னொரு இடத்தில் கமராவுக்கு முன்னால் ஒரு மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, நள்ளிரவு தாண்டித் தனக்கு 30 வயதாவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு 'ஓல் ஐஸ் ஒன் மீ' பாட்டின் நடுவில் கதை சொல்லுவார். மேடையை விட்டுவிட்டு மனதைத் தேற்றினேன், 2020 ஜனவரியில் சரி திரும்பிப் போவோம் என்று நினைத்தேன், அப்போது ஒரு பகிடி நடந்தது என்பார். அந்தப் பகிடி என்ன என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

முடிவில் அவர் கடைசியாக அறையை விட்டு வெளியே வருவார். வெளியே ஸ்பொட் லைட். எங்கிருந்தோ கூட்டத்தின் கைதட்டல். பயந்துபோய்த் திரும்பக் கதவைத் திறக்கப் பார்ப்பார், கதவு திறக்காது. கூட்டம் சிரிக்கும். அந்தக் காட்சி அப்படியே திரையில் ஓட, அதை உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு போ மெல்லச் சிரிப்பார்.

இந்தத் தனியறை வேலைக்கு மூன்று எமி விருதுகள் கிடைத்தன. 'ஓல் ஐஸ் ஒன் மீ' பாட்டுக்கு 2022இல் கிராமி. இணையத்தையே ஒரு சந்தைக்காரன் கூவி விற்கிற மாதிரிப் பாடிய 'வெல்கம் டு த இன்டர்நெட்' யூடியூப்பில் பத்துக் கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது. அமேசன் முதலாளியைப் புகழ்கிற மாதிரி நக்கலடித்த பாட்டுக்கு டிக்டொக்கில் எல்லாரும் ஆடினார்கள். இணையத்தைத் திட்டிய பாட்டுகளை எடுத்து இணையமே கொண்டாடியது.

இதை வைத்து எனக்கும் என் நண்பன் ஒருவனுக்கும் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது.

"மச்சான், லொஸ் ஏஞ்சல்ஸில வளவுக்குள்ள தனி வீடு வச்சிருக்கிறவன் அழுறதுக்கு நாங்க ஏன்டா அழ வேணும்? நெட்ஃபிளிக்ஸ் காசு குடுத்தது. அழுகையையும் வித்திட்டான்."

"அதைத்தானே அவனும் சொல்றான். தொடக்கத்திலயே ஒரு பாட்டு இருக்கு, உலகம் எரியுது, வெள்ளைக்காரன் நான் பகிடி விட்டு என்னத்தைத் திருத்தப் போறன் எண்டு."

"சொல்லிட்டாச் சரியா? 'நான் பிழை எண்டு எனக்குத் தெரியும்' எண்டு சொல்லிட்டு அதையே செய்யுறது இன்னும் மோசம்."

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தன்னைத் தானே முந்திக்கொண்டு திட்டினால் மற்றவர்கள் திட்ட இடமில்லாமல் போய்விடும். அது ஒரு கெட்டித்தனம். போவும் அந்தக் கெட்டித்தனத்தை நிறையவே பாவிக்கிறார். ரியாக்சன் வீடியோக் காட்சியிலேயே, தன்னைத் தானே கண்டிப்பதால் ஒருவன் நல்லவனாகிவிட மாட்டான் என்று அதையும் சொல்லிவிடுகிறார். இதற்கு மேல் அவரை எந்தப் பக்கத்தால் பிடிப்பது?

நான் வேறொரு பக்கத்தால் பிடிக்கிறேன். வாக்குவாதப்பட்ட அந்த நண்பனும் ஒரு பாட்டுக்காரன். ஏ.எல். காலத்தில் எங்கள் நாலு பேருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் வொயிஸ் கட் அனுப்புவான். பஸ்ஸில் மிச்சக் காசு தராத கொண்டக்டரைப் பற்றி, கெமிஸ்ட்ரி மார்க்ஸைப் பற்றி, எங்களில் ஒருத்தனின் ஒருதலைக் காதலைப் பற்றி. கீபோர்ட் வாசிப்புப் பிழைக்கும், நடுவில் அவனே சிரித்துவிடுவான். ஒருமுறை அதில் ஒன்றை எங்களில் யாரோ டிக்டொக்கில் போட, அது ஓடியது. பெரிதாக இல்லை, எங்கள் ஊர் அளவுக்கு. ரோட்டில் ஆட்கள் அடையாளம் பிடித்தார்கள். ஒரு உடுப்புக் கடை விளம்பரப் பாட்டுக் கேட்டது. கலியாண வீடுகளில், "தம்பி, அந்தப் பாட்டைப் பாடும்" என்றார்கள். அவன் பாடினான், நாங்களும் பெருமைப்பட்டோம்.

பிறகு வொயிஸ் கட்கள் மாறின. முதல் இருபது செக்கனுக்குள் பகிடி வர வேண்டும் என்று கணக்குப் பார்த்தான். எங்களுக்குள் மட்டும் விளங்குகிற பெயர்களும் பகிடிகளும் இல்லாமல் போயின. பாட்டை அனுப்பிவிட்டு, முன்பு "எப்பிடி?" என்று கேட்டவன், "இது ஓடுமா மச்சான்?" என்று கேட்கத் தொடங்கினான். இரண்டு கேள்விக்கும் இடையில் இருக்கிற தூரம் எவ்வளவு என்று அப்போது எங்கள் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. ஒரு கட்டத்தில் பாட்டு அனுப்புவதே நின்றுபோனது. கேட்டால், "ஐடியா வருகுதில்லை" என்றான்.

போ பேர்ணமுக்கு நடந்ததும் இதுதான், ஆயிரம் மடங்கு பெரிதாக. ஓர் அண்ணனைச் சிரிக்க வைக்கச் செய்த பாட்டு, கோடிப் பேர் பார்த்த பாட்டாக மாறியது. அதற்குப் பிறகு எந்தப் பாட்டையும் அண்ணனுக்கு மட்டும் செய்ய முடியாமல் போயிற்று. 'இன்சைட்'டில் ஒரு சின்னப் பாட்டு, இரண்டு நிமிசம்கூட வராது. அறைக்குள் அடைபட்டுக் கிடந்த ஒரு சிறுவன், வெளியே போகத்தான் பகிடிப் பாட்டுக் கட்டத் தொடங்கினான், இப்போது மீண்டும் அதே நிலைக்கு வந்து நிற்கிறான் என்பதுதான் விஷயம். விருது வாங்கிய பாட்டை விட எனக்கு அதுதான் பிடிக்கும். அதில் கெட்டித்தனம் குறைவு. ஒரு மனிதன் 16 வயதுப் பெடியனை நினைத்துப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

வைரலாகக் கூடாது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. இங்கே ஒரு பாட்டுக்காரனுக்கோ கொமெடியனுக்கோ மேடை தர எந்தச் சனல் காத்திருக்கிறது? யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பெடியனோ பெட்டையோ தன் அறையிலிருந்து பாட முடிகிறது என்பது சின்ன விஷயமில்லை. அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும். போட்ட பிறகு எங்கட காதுக்குள் வந்து குடியிருக்கிற அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் என் கவலை. எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் அது எழும்பிப் போகாது. அதைக் கூட்டிக்கொண்டு போகாத ஒரு மூலை எல்லாருக்கும் வேண்டும். நாலு பேர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவாக இருந்தாலும் போதும்.

'இன்சைட்' வெளியாகிச் சரியாக ஒரு வருசம் கழித்து, 2022 மே 30 அன்று, அதில் சேர்க்காமல் விட்ட பாட்டுகளையும் காட்சிகளையும் ஒரு மணிநேர அளவில் யூடியூப்பில் இலவசமாகப் போட்டார். தொடங்கிய அதே இடத்தில்.

பார்க்காதவர்கள் பார்க்க நினைத்தால், என்னை மாதிரிக் கடைசியிலிருந்து வர வேண்டாம். முதலில் பழைய அறை வீடியோக்களில் இரண்டு மூன்றைப் பாருங்கள். சில பகிடி கசக்கும், பரவாயில்லை. பிறகு 'மேக் ஹெப்பி', பிறகு 'எய்த் கிரேட்', கடைசியாக 'இன்சைட்'. அந்தக் கதவு திறக்கும்போது யார் உள்ளே வருகிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பார்த்துவிட்டு ஸ்டோரி போட வேண்டும் போல இருந்தால் போடுங்கள். அதற்கு முதல், அந்தப் பாட்டு விளங்கக்கூடிய ஒரு ஆளுக்கு மட்டும் லிங்கை அனுப்பிவிட்டு, அவர் பார்த்து முடிக்கும்வரைக்கும் காத்திருங்கள்.